விலகிப் போக என்ன விலை?

"நூத்துக்குப் பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு சென்ட் தரமாட்டேன்" என்றாள் இலோனா.

"முப்பத்தெட்டு. அதுக்குக் கீழ பேசறதா இருந்தா வேற ஆளைப் பாரு" என்றான் டெஸ்மண்ட்.

சிகாகோவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கீழ்த்தளம். பிறப்புக்கு, இறப்புக்கு என்று ஆளுக்கொரு காகிதம் வாங்கக் காத்திருந்த கூட்டத்தில், இவர்கள் இருவர் மட்டும் தக்காளி வாங்க வந்தவர்களைப்போலப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருவருக்கும் பிழைப்பே பங்குச் சந்தை ஆப்ஷன்தான். கையிலிருக்கும் பங்கை இரண்டு வருஷத்துக்குள் எந்த நாளிலும் இன்ன விலைக்குத் தள்ளிவிட்டு விலகலாம், இஷ்டமில்லையென்றால் வைத்துக்கொள்ளலாம் என்கிற உரிமை அது. அதை விற்பது அவன் வேலை, வாங்குவது அவள் வேலை. எந்தப் பெரிய கம்பெனிக்கு அது மலிவு, எதற்குக் கொள்ளை விலை என்று பகலெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையிலும் அதையே பேசுகிற ஜென்மங்கள்.

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. இப்போது இலோனா அதே மாதிரி ஓர் உரிமை கேட்கிறாள். இன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எந்த நாளிலும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். வக்கீல் கிடையாது, சண்டை கிடையாது, நாய் அவளுக்கு. அவள் இல்லாத வீட்டை டெஸ்மண்டால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மலிவாகக் கொடுத்தால் சுலபமாகக் கிளம்பிவிடுவாள் என்று பயந்துதான் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

பக்கத்து நாற்காலியில் பிறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்த வால்டர் என்கிற பெரியவர், வெகுநேரமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அதென்னம்மா பன்னெண்டு, முப்பத்தெட்டு?"

"சோப்புக் கம்பெனி இருக்கு பாருங்க சார், அது ஆடாது அசையாது. அதோட ரெண்டு வருஷ உரிமை நூறு டாலருக்குப் பன்னெண்டு. எலெக்ட்ரிக் கார் கம்பெனி காலையில ஏறும், மத்தியானம் விழும். அதுக்கு முப்பத்தெட்டு. ஆட்டம் ஜாஸ்தின்னா விலை ஜாஸ்தி. நாங்க சோப்புக் கம்பெனி. எனக்கு ஆபரேஷன் ஆனப்போ இவன் பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலயே கெடந்தான். நான் வராம ஒருநாள் சாப்பிட்டதில்ல. பொய் சொல்ல வராது. இதுல எங்க சார் ஆட்டம்?"

"இவ்ளோ நல்லவனை விட்டுட்டுப் போறதுக்கா விலை பேசற?"

"நல்லவன்கறதாலதான் விலை கம்மி."

டெஸ்மண்டுக்குப் பொறுக்கவில்லை. "அவ பேச்சை நம்பாதீங்க சார். நாங்க சாட்சாத் கார் கம்பெனி. ஹாட்டாக்ல கெட்சப் ஊத்தினேன், சிகாகோல அது மகாபாவமாம், இவங்கப்பா ஒரு வருஷம் என் மூஞ்சில முழிக்கல. போன குளிர்காலத்துல பனியைத் தோண்டி, நாற்காலி போட்டு, கார் நிறுத்த எடம் பிடிச்சு வச்சிருந்தா. நான் அதுல எதிர்வீட்டுக்காரனை நிறுத்த விட்டேன். மூணு வாரம் அக்கா வீட்டுக்குப் போயிட்டா. கோவத்துல நான் அந்த நாற்காலியையே வித்துட்டேன். யார் பக்கம் சேர்றதுன்னு தெரியாம நாய் கட்டிலுக்கு அடியில குடியிருக்கு."

"ஆகமொத்தம் வித்தியாசம் இருபத்தாறு டாலர். அதுக்கா இந்தச் சண்டை?"

"பணம் முக்கியமில்ல சார். விலைதான் முக்கியம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வால்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "போகணும்னு நிக்கறவ புகழ்றா. போகாதேன்னு நிக்கறவன் திட்டறான். நான் பொறந்ததுக்கே சான்றிதழ் வேண்டாம், வீட்டுக்குப் போறேன்."

இலோனா விரல்விட்டு எதையோ கூட்டிக் கழித்தாள். அளவுக்கு மீறித் திட்டிவிட்டோமோ என்று டெஸ்மண்டுக்குப் பயம் வந்தது.

"இவ்ளோ ஆட்டமா?" என்றாள் கடைசியில். "அப்போ வாங்கறவ முட்டாள். இதை விக்கறதுதான் லாபம். நீ வாங்கிக்க, டெஸ். எப்ப வேணா நீ என்னை விட்டுட்டுப் போகலாம். முப்பத்தெட்டு."

"எனக்கு எதுக்கு?"

"இருபது."

"வேண்டாம்."

"பன்னெண்டு. சோப்பு விலை."

"ஓசியில குடுத்தாலும் வேண்டாம், இலோனா. நான் எங்கயும் போகப்போறதில்ல."

பத்து வருஷ அனுபவத்தில், ஓசி என்றாலும் வாங்க ஆள் வராத ஓர் ஆப்ஷனை அவள் பார்த்ததே இல்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எழுதிக் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தை நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"அப்போ எனக்கும் வேண்டாம்."

டெஸ்மண்டின் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

வால்டர் இலோனாவின் தோளைத் தட்டினார். "நல்ல முடிவும்மா. கோர்ட்டு, கேஸுன்னு அலையாம தப்பிச்சீங்க. ஆறு வருஷக் குடித்தனத்தை யாராவது அறுத்துக்குவாங்களா? பேசாம ரெண்டு பேரும் வீடு போய்ச் சேருங்க."

அதற்குள் கவுண்ட்டரிலிருந்து, "அடுத்தது யாரு?" என்று குரல் வந்தது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள்.

கவுண்ட்டர் அம்மாள் அவர்கள் நீட்டிய படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:

"ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் கல்யாணமா?"