செல்லாத்தாள் மேல் வந்த சாமி

அன்றைக்கும் நாச்சிமுத்து குடித்துவிட்டு வந்து விறகுக்கட்டையை ஓங்கினான். ஓட இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்ற அவன் மனைவி செல்லாத்தாள், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டு, உடம்பைக் குலுக்கி, "ஆரு மேலடா கை ஓங்கறே?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கட்டை கீழே விழுந்தது. "தாயே, தெரியாம செஞ்சுட்டேன்" என்று அவள் காலில் விழுந்து அழுதான். அதன் பிறகு அவன் குடிக்கவில்லை. வீட்டு மூலையில் விளக்கு வைத்துத் தினமும் கும்பிட்டான். வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். செல்லாத்தாளும் ஆடி, திருநீறு கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, காணாமல் போன மகன் திரும்புவானா என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வருவான்" என்று இவளும் சொல்லிவிட்டாள். அந்தத் தாய் சிரித்த முகத்தோடு போனதை செல்லாத்தாளால் தாங்க முடியவில்லை. எல்லோரும் போனதும் கணவனிடம் வந்தாள்.

"ஏனுங்க, என் மேல சாமியெல்லாம் வர்றதில்லீங்க. அன்னிக்கும் வரல. அடிக்குப் பயந்து நானா ஆடுனது."

விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்து திரும்பவில்லை.

"தெரியும் புள்ள. போதை தெளிஞ்சப்பவே தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க கும்பிடறீங்க?"

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இந்தக் கைய என்னால நம்ப முடியல. வர்ற வெள்ளிக்கிழமையும் ஆடு."