கத்தரிப்பூச் சீலை

"இந்தக் கோலத்திலையோ நேர்முகத்துக்கு வாறது?"

கமலாசனி ரீச்சர் நிமிர்ந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எதிரே நின்ற எமில்டா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். சாயம் போன பாவாடை, கசங்கிய சட்டை. சட்டைக் கசங்கலைக் கையால் நீவிவிட்டாள்.

"சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறவா முதல்லை தான் ஒழுங்காய் வரவேணும். முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?"

"முல்லைத்தீவிலை கருவாடு போட்டனான், ரீச்சர்."

"சரி, நீங்கள் போகலாம்."

அவ்வளவுதான். எமில்டா தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மல்லாவியில் அந்த இடம்பெயர்ந்தோர் முகாமில் புதிதாக ஒரு முன்பள்ளி தொடங்க இருந்தார்கள். கடற்கரையை விட்டு வந்தவர்களும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களும் ஒன்றாய் நிவாரண அரிசிக்குக் காத்துக்கிடந்த காலம். வேலையோ ஒன்று. கேட்டு வந்த பெண்கள் நான்கு பேர்.

ஆளைத் தெரிவுசெய்யும் பொறுப்பு கமலாசனியுடையது. பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். காலையில் சைக்கிளை நிறுத்தியதுமே எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார்.

"சிபாரிசு எண்டு ஆரும் என்னட்டை வரக்கூடாது. வந்தால் கதைச்ச ஆளுக்கும் வேலை இல்லை, ஆருக்காகக் கதைச்சீங்களோ அவவுக்கும் இல்லை."

அடுத்ததாக, கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, ஜெயரூபினி வந்தாள். கத்தரிப்பூ நிறச் சீலை, வெள்ளைக் கரை. கீழ்க்கரையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மடிப்புக் குலையாமல் கட்டியிருந்தாள்.

'இதெல்லோ வாற முறை' என்று கமலாசனிக்குத் திருப்தி.

ஜெயரூபினி போய், கொஞ்சம் பொறுத்து சிவனேஸ்வரி வந்தாள். அதே கத்தரிப்பூ நிறம். அதே வெள்ளைக் கரை.

கமலாசனி புருவத்தை உயர்த்தினார். வழக்கமான கேள்விகளை மட்டும் கேட்டு அனுப்பினார்.

கடைசியாக வந்தவள் நேசமலர். அவள் கட்டியிருந்ததும் அதே சீலைதான்!

கமலாசனிக்கு மனது என்னவோ செய்தது. 'பாவங்கள். வீடு வாசலை விட்டு ஓடிவந்ததுகள். மூண்டு பேருக்கு ஒரு சீலை.'

நேசமலர் கேட்டதற்கெல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். பிள்ளைகளுக்கான பாட்டொன்றை நன்றாகவும் பாடிக்காட்டினாள். இவளையே எடுப்பது என்று கமலாசனி முடிவு செய்துவிட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. இந்தச் சீலை ஆற்றை?"

நேசமலரின் முகம் மலர்ந்தது.

"எமில்டா அக்காவின்ரை, ரீச்சர். நீங்கள் முதல் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினீங்களே, அவாவின்ரை."

"அப்ப ஏன் அவா கட்டிக்கொண்டு வரேல்லை?"

"கட்டிக்கொண்டுதான் நிண்டவா. ஜெயரூபினியின்ரை பிள்ளைக்குக் காய்ச்சல். எமில்டா அக்கா தூக்கி வைச்சிருக்கேக்கை அது சீலையிலை சத்தியெடுத்துப்போட்டுது. கழுவிக் காயப்போட்டிட்டு நிண்ட நேரம் பாத்து நீங்கள் கூப்பிட்டீங்கள்."

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"நாங்களும் அதைத்தான் கேட்டனாங்கள். வருத்தக்காரப் பிள்ளையிலை பழியைப் போடச் சொல்லுறீங்களோ எண்டு எங்களைப் பேசிப்போட்டா."

கமலாசனி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.

நேர்முகம் நடந்த கொட்டிலுக்குப் பின்னால், பாலைமர நிழலில் எமில்டா இருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை அவள் தோளில் சாய்ந்து நித்திரை. அவளைச் சுற்றி முகாமின் குஞ்சு குருமன் எல்லாம் மணலில் ஈர்க்கால் மீன் கீறிக்கொண்டிருந்தன.

"டேய், வாலை மறந்துபோனாய். வால் இல்லாமல் அது எப்பிடியடா நீந்தும்?"

"நடந்து போகும், மாமி!"

"ஓம், மல்லாவிச் சந்தைக்கு நடந்து போய் மரக்கறி வாங்கும்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஒரு வாண்டு அவசரமாய் மீனுக்கு வால் வைத்தது.

கமலாசனி அப்படியே நின்றார். அவர் தொடங்க வந்த முன்பள்ளி அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

"எமில்டா."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். தோளில் கிடந்த பிள்ளை அசையவில்லை.

"திங்கட்கிழமை வேலையைத் தொடங்குங்கோ. சீலையைப் பாத்து ஆளை அளந்தது என்ரை பிழை."

எமில்டாவின் கண் கலங்கிவிட்டது. "அப்ப இவையள், ரீச்சர்?"

கமலாசனி திரும்பிப் பார்த்தார். மற்ற மூவரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். வேலை கிடைக்காதவர்களின் முகமாகவே அவை இல்லை. தங்களுக்கே கிடைத்தது மாதிரி நிமிர்ந்து நின்றார்கள்.

"உங்களுக்கும் வேலை தேவைதானே?" என்று கேட்டார்.

"தேவைதான்," என்றாள் சிவனேஸ்வரி. "ஆனால் எங்கடை பிள்ளையளை ஆற்றை கையிலை விடவேணும் எண்டு எங்களுக்குத் தெரியாதே?"

கமலாசனியின் குரல் இளகியது.

"அடுத்த முறை வரேக்கை உங்களுக்கும் ஆளுக்கொரு சீலைக்கு ஒழுங்கு செய்யிறன். ஒண்டையே மாறி மாறிக் கட்டிக்கொண்டு..."

ஜெயரூபினி சிரித்துவிட்டாள்.

"சீலை எங்களிட்டையும் இருக்கு, ரீச்சர். சிபாரிசு கதைக்கக்கூடாது எண்டு நீங்கள் சொல்லிப்போட்டீங்கள். மூண்டு பேரும் ஒரே சீலையிலை வந்தால், ஆற்றை எண்டு நீங்களாய்க் கேப்பீங்கள்தானே!"