ஓடுபாதை ஓரத்தில் ஓரிடம்

போர் விமானத்தை மறுபடியும் ஓடுபாதையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, தளவாய் டீ குடிக்கக் கிளம்பினான். தீயணைப்பு வண்டி வரவில்லை. 'திரும்ப முதலிலிருந்தா?' என்று கணினித் திரை மட்டும் கேட்டது.

ஒரகடத்தில் அந்தக் கம்பெனி, வயதான போர் விமானங்களுக்கு மூளை மாற்றுகிறது. இனி ஆள் இல்லாமலே கிளம்பும், வளையும், போக்குக் காட்டும். இறங்குவதை மட்டும் 'அடுத்த கட்டம்' என்று ஒதுக்கியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்தபின் தளவாய் தானாகவே அதற்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொதப்புவதில் அவனுக்கு நிகர் அவனே.

வாசலில் ஒப்படைத்த போனை வாங்கியதுமே சங்கரன்கோவிலிலிருந்து அப்பா.

"என்னல, எறக்கிட்டியா?"

"கவுந்துட்டுப்பா."

"அவளை அவசரப்படுத்தாத. வயசானவ பாரு."

அப்பா அய்யாத்துரை விமானப்படையில் இதே ரக விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவருக்கு அது எப்போதும் 'அவள்'தான். அனுப்பிய விமானம் திரும்பும்வரை ஓடுபாதை ஓரத்திலேயே நிற்பார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இப்போது டாக்டர் பயணமே கூடாது என்கிறார். இவரோ புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

"வெள்ளோட்டத்துக்கு என்னைய உள்ள விடுவாவளா?"

"கேட்டுக்கிட்டுதாம்ப்பா இருக்கேன்."

மேலதிகாரி ஜகந்நாதன் ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்பா" என்றே நழுவுவார். கிளம்புவதில் இம்மி பிசகினாலும் கத்துகிற மனுஷன், இறங்கி நொறுங்கினால் ஒரு வார்த்தை திட்டியதில்லை. தங்கமான ஆள் என்று தளவாய் நினைத்திருந்தான்.

திரும்பி வந்து நிரலைப் பார்த்தால், கூட்டல் போடவேண்டிய இடத்தில் கழித்தல். விமானம் இத்தனை நாளும் தரைக்குக் கீழே இறங்கத்தான் பார்த்திருக்கிறது. திருத்தியதும் திரையில் பூப்போல உட்கார்ந்தது. ஓடிப்போய் ஜகந்நாதனைக் கூட்டிவந்தான்.

"சார், இன்னிக்காவது சொல்லுங்க. அவ எறங்குறதை ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான் அப்பா கேக்காரு. ஓரமா நின்னுக்கிடுவாரு."

 ஜகந்நாதன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெளம்பறதை வந்து பார்க்கச் சொல்லுப்பா. மேல போனதும் பைலட்டுங்க அதைத்தான் சுட்டுப் பழகப் போறாங்க."