சம்மதக் குரல்

ஓட்டுநர் இல்லாத பேருந்துகளைத் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், கூட்டங்களில் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் மேசைமேல் இருக்கும் பெட்டி அவரவர் குரலிலேயே பேசிவிடும். அது மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பிரேக் சோதனை முடிஞ்சுதா?" என்று கேட்டார் மேலாளர் ரங்கராஜன்.

"முடிஞ்சுது சார். வண்டி ரோட்டுக்குப் போகலாம்," என்றது சோதனைப் பொறியாளர் தமயந்தியின் பெட்டி. மற்றப் பெட்டிகளும் ஆமோதித்தன.

முந்தின நாள் மழையில் வண்டி நிற்காமல் சுவரில் மோதியதைத் தமயந்தி தன் கண்ணால் பார்த்திருந்தாள். எழுந்து தன் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

"ஈர ரோட்டுல வண்டி நிக்கவே மாட்டேங்குது சார்."

"உங்க குரல்லயே சரின்னு சொல்லியாச்சேம்மா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, உட்காருங்க."

"உட்கார மாட்டேன். அவங்கவங்க வாயால சொல்லட்டும்."

எதிர் வரிசையில் இருந்த மூத்த பொறியாளர் ஜெபமணி தன் வயரைப் பிடுங்கினார். அவருடைய பெட்டியின் கணீர்க் குரலைத்தான் இத்தனை வருடமும் எல்லோரும் கேட்டிருந்தார்கள். இப்போது வந்ததோ கரகரத்து, பாதியில் உடைந்த குரல்.

"நானும் பார்த்தேன் சார். வண்டி நிக்கல."

ரங்கராஜன் பதில் சொல்வதற்குள் மேசையெங்கும் வயர்கள் கழன்றுகொண்டிருந்தன. அன்று ஒரு பேருந்தும் வாசலைத் தாண்டவில்லை.