அறங்காவலருக்கு வந்த சந்தேகம்

பண்ருட்டி கமலவேணி அம்மாளின் குடும்ப அறக்கட்டளைக்கு அவர் குடியிருக்கும் வீடேதான் அறங்காவலர். இப்போது எல்லா வீடுகளும் பேசுகின்றன. இது கையெழுத்தும் போடும். பிள்ளைகள் இருவரும் ஒத்துப்போய்விட்டால் இந்த வீட்டால் மறுக்கவே முடியாது.

நல்லவேளையாக, மகன் திருமாறனும் மகள் செங்கமலமும் ஒத்துப்போனதே இல்லை. ஞாயிறுதோறும் வந்து சண்டை போட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த ஞாயிறு இருவரும் சிரித்துப் பேசியபடி உள்ளே வந்தார்கள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பேசி முடிச்சாச்சும்மா. வீட்டை இடிச்சிட்டு ஆளுக்குப் பாதி மனை. நீ ஆறு மாசம் எங்கிட்ட, ஆறு மாசம் இவகிட்ட," என்றான் திருமாறன்.

"கையெழுத்தைப் போடுங்க அறங்காவலரே," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் செங்கமலம்.

"தாராளமாக," என்றது வீடு. "ஒரு சின்னச் சந்தேகம். நடுவில் கோடு கிழித்தால் பலாமரத்தின் அடி அண்ணன் பக்கம், கிளையெல்லாம் தங்கை பக்கம். பழம் யாருக்கு என்று எழுதுவது?"

"அடிமரம் யாருக்கோ அவங்களுக்குத்தான் பழம்."

"ஏண்ணே, தண்ணி ஊத்துனது நானு. நீ ஹாஸ்டல்ல தூங்கிட்டிருந்தே!"

"ஊத்துனதுக்கு மூட்டை மூட்டையா உன் மாமியார் வீட்டுக்குப் போச்சே, பத்தாதா?"

"எங்க அத்தையை எதுக்கு இழுக்கிற?"

சாப்பிட்டு முடித்தும் இருவரும் ஓயவில்லை. கையெழுத்தைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

அம்மா அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மறுபடி ஒத்துப்போயிட்டா என்ன பண்ணுவே?"

"நடுக்கோட்டுல கிணறு இருக்கேம்மா," என்றது வீடு.