எதிர் பெஞ்சு

நீதிபதி வாசித்ததில் அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

வக்கீலம்மா திரும்பி அவள் கையை அழுத்திய பிறகுதான், ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது.

எதிர் பெஞ்சில் பட்டறை முதலாளி தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் பட்டறையில்தான் அவள் மகன் வெல்டராக இருந்தான். பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து, பாதி முடிந்த இரும்புக் கதவு அவன் மேல் விழுந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் இந்த முதலாளிதான். வழியிலேயே உயிர் போய்விட்டது.

நஷ்டஈடு கேட்டால் பட்டறையின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. உங்கள் பையன் அங்கே தொழிலாளியே இல்லை, சும்மா ஒத்தாசைக்கு வந்துபோனவன் என்றது.

எத்தனை ராத்திரி அவன் வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிறதென்று படுக்காமல் உட்கார்ந்திருப்பான், துணி நனைத்து நனைத்து இவள் போட்டுவிடுவாள். அதெல்லாம் ஒத்தாசையா?

கம்பெனியை அசைக்க வேண்டுமானால் முதலாளி மேலும் வழக்குப் போட்டாக வேண்டும் என்றாள் வக்கீலம்மா. போட்டாள். "அந்தாளை லேசுல விடாதீங்க" என்று கோர்ட்டு வாசலில் நாலு பேர் உசுப்பேற்றினார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

சாட்சிக் கூண்டில் முதலாளி எதையும் மறைக்கவில்லை. என்னிடம்தான் வேலை பார்த்தான், மாதாமாதம் சம்பளம் கொடுத்தேன் என்றார். கம்பெனி வக்கீல் சிரித்துவிட்டு, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றார். கீழ்க் கோர்ட்டு அதை நம்பியது. வழக்கு தோற்றது.

மேல்முறையீடு போட்ட அன்றே வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கோர்ட்டுப் பக்கம் வந்தால் அவரைத் திரும்பியும் பார்க்கக் கூடாது.

அவள் பார்க்கவில்லை. எதிர் பெஞ்சில் அவர் இருமும்போது மட்டும் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்:

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானேம்மா. அதைத்தான் கோர்ட்டும் சொல்லியிருக்கு. கூடப்பொறந்த அண்ணன்கிட்டயே வேலை பாத்தாலும், சம்பளம் வாங்கினா தொழிலாளிதான். கம்பெனிதான் குடுத்தாகணும். இனிமே இந்த மாதிரி கேஸு எல்லாத்துக்கும் இதுதான் வழி."

பாதி அவள் காதில் ஏறவில்லை.

தொழிலாளிதான். அது மட்டும் ஏறியது. அவன் ஒன்றும் சும்மா போய்வந்தவன் இல்லை.

வராந்தாவின் அந்தக் கோடியில், தோற்றுப்போன முதலாளி தனியாக நின்றிருந்தான். கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு எட்டு வைப்பதும் பின்வாங்குவதுமாக.

சின்னவனுக்காகப் பெரியவன் மேல் வழக்குப் போட்டவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் போனாள். கம்பெனி வக்கீல் உட்பட எல்லோரும் பார்க்க, இரண்டு உள்ளங்கையாலும் அவன் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"வாடா பெரியவனே. இன்னிக்காவது ஒரே பஸ்ஸுல வீட்டுக்குப் போகலாம்."