தாய்மாமன் சீர்

"மாப்ளே, டைமிங் பெல்ட்டை இன்னைக்கே மாத்தீருங்க. தள்ளிப்போடாதீங்க."

சந்திரசேகர் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார். நாமக்கல்லில் பழைய கார் வாங்கி விற்பவர். தங்கை பாவாயியின் மகள் தனப்பிரியாவுக்குப் பத்து நாளுக்கு முன்புதான் ஒரு வெள்ளைக் காரைக் கொடுத்திருந்தார்.

"வேற வண்டி வரட்டும், பொறு" என்று அப்போது அவர் எவ்வளவோ சொன்னார். பாவாயி கேட்டால்தானே?

"வெளிய வாங்கினா ஏமாத்திப்போடுவாங்க. கூடப்பொறந்த அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது ஆயில் மாற்றுவதற்காக அந்தக் கார் அர்த்தநாரியின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. தனப்பிரியாவின் கணவன் தமிழரசு மீட்டரைத் தட்டிக் காட்டினான்.

"ஏனுங்க மாமா, அம்பதெட்டாயிரம் கிலோமீட்டர்தானுங்க ஓடியிருக்குது. ஒரு லட்சத்துல மாத்தினாப் போதும்னு புக்குலயே போட்டிருக்குதுங்களே?"

"புக்கு எழுதினவன் நம்ம ரோட்டுல ஓட்டிப் பாத்தானா மாப்ளே? ஓடறப்ப பெல்ட்டு அறுந்துச்சுன்னா எஞ்சின் அங்கயே நின்னுபோயிரும். பின்னால லாரி வந்தா?"

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற தனப்பிரியாவைப் பார்த்தார். அவள் தினமும் எருமப்பட்டியிலிருந்து அந்தக் காரில்தான் வேலைக்கு வருகிறாள். மூன்று வயதுப் பிள்ளையும் கூட வருகிறது.

தமிழரசு மனைவியின் பக்கம் சாய்ந்தான். "உங்க மாமனுக்கும் மெக்கானிக்குக்கும் இதுல எவ்வளவு கமிஷனோ!"

மெல்லச் சொன்னதாகத்தான் அவன் நினைப்பு. சந்திரசேகர் காதில் நன்றாகவே விழுந்தது.

"செலவு பூரா என்னோடதுங்க மாப்ளே. தாய்மாமன் சீருன்னு வெச்சுக்குங்க. சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு நானே ஊட்டுக்குக் கொண்டாந்து உடறேன்."

தமிழரசுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. "தப்பா நெனச்சுப்போட்டனுங்க மாமா."

தனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

"எங்கண்ணன் சொக்கத் தங்கம்னு அன்னைக்கே சொன்னனில்ல!" பாவாயியின் குரல் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது.

சந்திரசேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தன்னடக்கம் என்றே புருஷனும் பெண்டாட்டியும் எடுத்துக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அர்த்தநாரி சிரித்தான்.

"ஏனுங்ணா, இத்தன வருசத்துல வித்த வண்டிக்கு ஒரு பல்பு கூட நீங்க மாத்திக் குடுத்ததில்லீங்களே?"

"வாய மூடிட்டு வேலையப் பாருடா. ஒரு லட்சத்து முப்பதாயிரம் காட்டுன மீட்டர நாம கொறச்சு வெச்சப்ப, எந்தங்கச்சி மகளே வந்து வாங்குவான்னு எவன் கண்டான்?"